கண்டிக்கு வழி திறந்த கருவிகள்

கண்டி மாநகரில் உறைபனி பெய்வதில்லை. மார்கழி, தை மாதங்களின் வைகறைப் பொழுதில் வாவியின் மீது மூடுபனி படரும். ஹந்தானைக் குன்றுகள் சற்று நேரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கும். வெயில் ஏறியதும் அப்பனி தானே கலைந்துவிடும். வழியை அடைக்கும் பனி இந்நாட்டில் இல்லை. எனினும் வழி அடைபடும் துன்பம் இந்நாட்டுக்குப் புதிதன்று. குளிர்நாடுகளில் வானத்திலிருந்து இறங்கும் வெண்பனி செய்கின்ற காரியத்தை, மலைநாட்டில் மழையில் ஊறிக் கரைந்து இறங்கும் செம்மண் செய்கின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் 72 மைல் நீள வீதியில், கடுகண்ணாவைக் கணவாய் என்னும் ஒரே இடம் இவ்வுண்மைக்கு இருநூறு ஆண்டுகளாகச் சான்று பகர்ந்து வருகின்றது.

கனடா முதலிய நாடுகளில், பனிக்காலம் நெருங்கும்போது, உழவு இயந்திரம் வைத்திருக்கும் குடியானவன் ஒருவன் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பனியை வாரி வீசும் பொறியை உழவு இயந்திரத்தின் முன்னே பூட்டுவதா, பின்னே பூட்டுவதா என்பதே அது. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இக்கேள்வியினுள்ளே வழி திறக்கும் கலை முழுவதும் அடங்கியிருக்கின்றது. அகற்ற வேண்டிய பொருள் எத்தகையது, அதனை எங்கே கொண்டு போடுவது, தள்ளுகின்ற வலிமை எங்கிருந்து வருகின்றது, பாரம் எந்தச் சில்லின் மேல் விழுகின்றது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே அதற்கு விடை கூறல் இயலும். கடுகண்ணாவையில் வழி திறந்தவர்களும் காலந்தோறும் இதே கேள்விகளுக்கு விடை தேடியவர்களே. அவர்கள் கண்ட விடைகள் சில வேளை சரியாயின. சில வேளை பிழையாயின. பிழையானபோது அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழை எளியவர்கள்.

முதலில் பனிப்பொறியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். பனியைத் தள்ளும் கலப்பை பழங்காலத்தது. ஆயின், தள்ளிய பனி இருமருங்கும் மதில்போலக் குவிந்து, மறுமுறை தள்ளுவதற்கு இடமில்லாமற் போகும். இக்குறையைத் தீர்க்க எண்ணியவர் ஒரு பல் மருத்துவர். கனடாவின் ரொறொன்ரோ நகரைச் சேர்ந்த எலியட் என்னும் அவர், 1869ஆம் ஆண்டில், சுழலும் சக்கரத்தால் பனியை அள்ளித் தூர வீசும் பொறியொன்றைப் புகையிரதப் பாதைக்கென வகுத்தார். பின்னர் ஒறேஞ் ஜல் என்பவர் அதனைத் திருத்தியமைக்க, 1880களில் அது செயலுக்கு வந்தது. தெருவில் ஓடும் பனிவீசு பொறியை ஆக்கியவர் கியூபெக் மாகாணத்து ஆதர் சிக்கார் என்பவர். தானியக் கதிரை அடித்துப் பிரிக்கும் பொறியின் இயக்கத்தைக் கண்டு எழுந்த எண்ணத்தை அவர் பல்லாண்டு காலம் மனத்திற்கொண்டு உழைத்து, 1925ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். 1927இல் மொன்றியலை அடுத்த ஊற்றமொன் நகரசபைக்கு அதனை விற்றார்.

இப்பொறி இயங்கும் வகை எளியது. முன்னே குறுக்காகக் கிடக்கும் திருகுச் சுருள் பனியை நடுவே கூட்டிச் சேர்க்கும். அதன் பின்னுள்ள விசிறிச் சக்கரம் அதனை வாங்கி, வளைந்த குழல் வழியே தூர எறியும். இதனை உழவு இயந்திரத்தின் பின்புறத்திற் பூட்டுதல் இலகு. ஏனெனில், உழவு இயந்திரம் தன் வலிமையை வெளியே தரும் சுழல் தண்டும், கருவிகளைத் தூக்கும் கைகளும் பின்புறத்திலேயே அமைந்துள்ளன. ஹரி பேர்கஸன் என்பார் கண்ட மும்முனைப் பூட்டும் பின்புறத்துக்கே உரியது. ஆனாற் பின்னே பூட்டிய பொறியைக் கொண்டு பனி அகற்றுபவன், கழுத்தைத் திருப்பிப் பின்னோக்கிப் பார்த்தபடியே இயந்திரத்தையும் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். முன்னோக்கி இழுத்துச் செல்வானாயின், பொறி வருமுன் சில்லுகள் பனியை மிதித்து இறுக்கிவிடும். முன்னே பூட்டினாலோ, செய்கின்ற வேலை கண்ணெதிரே நிற்கும். துப்புரவான தரையிலே சில்லுகள் செல்லும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. பின்னிருந்து வரும் வலிமையை இயந்திரத்தின் அடிவழியே தண்டு கொண்டு முன்னே கடத்த வேண்டும், அல்லது எண்ணெய் அழுத்தத்தால் இயக்க வேண்டும். முன்னச்சின் மேற் பாரம் கூடும். பின்சில்லுகள் தரையைப் பற்றும் பிடி குறையும். ஆகவே பின்னே எதிர்ப்பாரம் வைக்க வேண்டும். முன்னே சுமப்பவன் பின்னே நிறை வைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது இப்பொறியின் முதற்பாடம்.

இப்பாடத்தை மனத்திற்கொண்டு கண்டியின் பழைய காலத்துக்குச் செல்வோமாயின், அங்கே முற்றிலும் மாறான ஒரு நிலைமையைக் காண்கின்றோம். கண்டி அரசர்கள் வழி திறக்க விரும்பியவர்களல்லர். வழியை அடைத்து வைப்பதே அவர்களுடைய அரண். மலையும் காடும் கணவாயும் கோட்டைமதிலினும் வலியனவாய் நின்றன. அகன்ற வீதி அமைத்தல், பகைவனுக்கு வாயிலைத் திறந்துவைத்தல் போன்றதாகக் கருதப்பட்டது. ஒற்றையடிப் பாதைகளிலே முட்கதவுகள் நிறுத்திக் காவலர் வைத்தனர். 1638ஆம் ஆண்டில், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில், திரும்பிச் செல்ல வழியின்றி அகப்பட்ட போர்த்துக்கேயப் படை ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. 1765இல் ஒல்லாந்தர் தலைநகரைப் பிடித்தும், அங்கே தங்கியிருக்க மாட்டாது மீண்டனர். 1803இல் கண்டியிற் புகுந்த ஆங்கிலப் படையினர் நோயால் நலிந்து, உணவு வரும் வழியுமற்று, மேஜர் டேவியின் தலைமையில் வெளியேற முயன்றபோது, மகாவலி கங்கைக் கரையிலுள்ள வட்டப்புலுவையில் மடிந்தனர். நகரைப் பிடிப்பது ஒன்று, நகருக்கு வழி வைத்திருப்பது வேறொன்று என்பதை ஆங்கிலேயர் அன்று கற்றனர்.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருங்கிளர்ச்சி, உடன்படிக்கை மாத்திரம் ஆட்சியை நிலைநிறுத்தாது என்பதைக் காட்டியது. 1820இல் பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இருந்த சேர் எட்வேட் பான்ஸ், படைகள் விரைந்து செல்லத்தக்க வீதிகளே ஆட்சியின் முதல் தேவை எனக் கொண்டார். கப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் கடுகண்ணாவை வழியை வகுத்தார். வயது பதினாறளவில் நின்ற தோமஸ் ஸ்கின்னர் என்னும் இளைஞரிடம் வீதியின் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. வீதியமைப்பு இன்னதென்று அறியாது அவ்வேலையை ஏற்ற அவர், பின்னர் தமது வாழ்நாளில் ஏறத்தாழ ஐம்பதாண்டுகளை இலங்கையிற் கழித்து, நாட்டின் வீதிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியாய் விளங்கினார்.

அக்காலத்திற் கருவித் தேர்வு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மண்வெட்டி, அலவாங்கு, கோடரி, கடகம் என்பனவும், பாறை பிளப்பதற்கு வெடிமருந்துமே கைக்கெட்டியவை. இவற்றை இயக்கிய வலிமையோ மனிதரின் தோள். கண்டிக் குடிமக்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பெயரால் அழைக்கப்பட்டனர். பழைய அரசர் காலத்தில் நிலத்துக்கு ஈடாகச் செய்யப்பட்ட அவ்வூழியம், அந்நியர் கையிற் கூலியற்ற வேலையாய் நீண்டு, வயலைவிட்டு நெடுந்தொலைவு சென்று உழைக்க வேண்டிய சுமையாக மாறிற்று. 1832ஆம் ஆண்டிலேதான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவர்களுடன் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளர் அடங்கிய பயனியர்ப் படையும் வீதி வேலையில் ஈடுபட்டது. மலைநாட்டிலே தேயிலைச் செடி ஊன்றப்படுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, தமிழ்த் தொழிலாளியின் மண்வெட்டி இம்மலைச்சரிவில் விழுந்திருக்கின்றது என்பதை இவ்வரலாறு அறியாதார் பலர்.

கடுகண்ணாவை உச்சியை அண்மிய இடத்திற் பெரும்பாறையொன்று வழிமறித்து நின்றது. அதனைச் சுற்றிச் செல்லாது, நடுவே குடைந்து வழி கண்டனர். மலையைத் துளைத்து வழி செய்பவனே இந்நாட்டை ஆள்வான் என்ற பொருள்பட ஒரு பழஞ்சொல் கண்டி மக்களிடையே வழங்கியது என்றும், பாறை குடையப்பட்டதற்கு அச்சொல்லும் ஒரு காரணம் என்றும் கூறுவர். இன்று வாகனங்கள் அப்பாறையின் அருகாற் செல்கின்றன. குடைந்த வாயில் பழமையின் சின்னமாய் நிற்கின்றது. டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட 125 அடி உயரக் கோபுரம் கடுகண்ணாவையிற் காணத்தக்கது. அவரோடு உழைத்து, காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மாண்ட தொழிலாளர் பெரும்பாலோரின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1833ஆம் ஆண்டளவில் பேராதனையிலே மகாவலி கங்கைக்குக் குறுக்கே, ஏறத்தாழ 205 அடி அகலத்தை ஒரே வளைவிற் கடக்கும் முதிரைமரப் பாலம் எழுந்தது. ஆணியின்றி மரத்துண்டுகளைப் பிணைத்து அமைத்த அப்பாலம் 1905 வரை நின்று பயன்பட்டது. வீதியின் பின்னே கோப்பித் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களின் பின்னே மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் நடந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அவ்வழியில் மாண்டோர் தொகை பெரிது.

வீதி திறந்தாயிற்று; ஆனால் திறந்த வீதி திறந்தபடியே இருப்பதில்லை. மலையை வெட்டிச் செய்த வீதிக்கு ஒருபுறம் செங்குத்தான மண்மதில், மறுபுறம் பள்ளம். பெருமழைக்குப் பின் மதில் சரிந்து வீதியின்மேற் கிடக்கும். மரங்கள் வேரோடு வீழும். அப்பொழுது மனிதரின் தோளுக்குத் துணையாக வந்தது யானை.

யானையை முன்னே கருவி பூட்டிய உயிருள்ள இயந்திரம் என்று சொன்னால் அது மிகையன்று. தும்பிக்கையும் தந்தமும் நெற்றியும் முன்னே இருக்கின்றன. செய்கின்ற வேலை அதன் கண்ணெதிரே நிகழ்கின்றது. பின்னுடலின் பெருநிறை எதிர்ப்பாரமாய் அமைகின்றது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த சேர் எமேசன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலிலே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். ஒருநாள் மாலை அவர் கண்டிக்கு அருகே குதிரைமேற் சென்றபோது, பாகனின்றித் தனியே வந்த வளர்ப்பு யானையொன்று எதிர்ப்பட்டது. தந்தங்களின்மேற் குறுக்காக ஒரு பெரிய மரத்தைச் சுமந்து வந்த அது, ஒடுங்கிய பாதையில் மரம் இடிபடாதிருக்கத் தலையை ஒருபுறம் சாய்த்து, சலித்து முனகிக்கொண்டே நடந்தது. குதிரை மருள்வதைக் கண்டதும், மரத்தைக் கீழே போட்டு, தானாகவே பின்வாங்கிப் புதருள் ஒதுங்கி வழிவிட்டது. குதிரை சென்றபின் மீண்டும் மரத்தை எடுத்துக்கொண்டு தன் வழியே போயிற்று. வழி திறக்கும் கருவிக்கு வழிவிடும் அறிவும் இருந்தது என்பதே இந்நிகழ்ச்சியின் வியப்பு.

எனினும் அதே டெனன்ற், யானையின் வேலையைக் கணக்குப் பார்த்தும் எழுதியிருக்கின்றார். மரம் இழுத்தல், கல் அடுக்குதல் போன்ற வேலைகளில் அது நிகரற்றது. வண்டியிற் பூட்டித் தொடர்ந்து இழுக்கச் செய்யும்போதோ, சேணக்கயிறு உராய்ந்து தோல் புண்ணாகின்றது, பாதங்கள் நோகின்றன, ஓய்வு மிகுதியாக வேண்டியிருக்கின்றது, தீனிச் செலவும் பெரிது. இழுவை வேலைக்கு நல்ல குதிரைகள் செலவிற் குறைந்தவை என்ற முடிவுக்கு வீதிப் பகுதியினர் வந்தனர்; அப்பகுதியினர் வைத்திருந்த யானைகளின் தொகையும் காலப்போக்கில் வெகுவாகக் குறைந்தது. கருவியொன்று ஒரு வேலைக்குச் சிறந்தது என்பதனால் எல்லா வேலைக்கும் சிறந்ததாகாது என்னும் இரண்டாம் பாடம் இதனாற் பெறப்படுகின்றது.

1867ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடைந்தது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை, 45 அடி ஓடினால் ஒரு அடி உயரும் ஏற்றம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். அங்கேயும் முன்னோ பின்னோ என்ற கேள்வி எழுந்தது. பாரமிகுந்த வண்டித் தொடரை ஓர் எஞ்சின் ஏற்றமாட்டாது; இரண்டாவது எஞ்சினை எங்கே பூட்டுவது? இரண்டையும் முன்னே பூட்டினால் தொடரின் நிறை முழுவதும் முதற் கொளுவியின்மேல் விழும். கொளுவி அறுந்தால் வண்டிகள் பள்ளத்தை நோக்கி உருளும். பின்னே ஒன்றை வைத்துத் தள்ளச் செய்தால் அந்த இழுவிசை பாதியாகும்; அறுந்த வண்டிகளைத் தாங்கவும் ஓர் எஞ்சின் இருக்கும். ஆகவே முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பூட்டும் வழக்கம் இவ்வேற்றத்தில் நிலவியது. 1927ஆம் ஆண்டில், நடுவே ஒரு கொதிகலனும் இருமுனையிலும் சில்லுத் தொகுதிகளும் கொண்ட காரட் வகை எஞ்சின் மலைநாட்டுப் பாதைக்கெனத் தருவிக்கப்பட்டது. முன்னும் பின்னும் நின்ற இரண்டு எஞ்சின்களின் வலிமையை ஒன்றிலே அடக்கும் முயற்சி அது.

இருபதாம் நூற்றாண்டில் வீதிக்கும் இயந்திரம் வந்தது. 1923இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் கமிங்ஸ் என்னும் இளங் கமக்காரரும் ஏள் மக்லியட் என்னும் வரைவாளரும் உழவு இயந்திரத்தின் முன்னே ஓர் இரும்புப் பலகையைப் பூட்டி மண் தள்ளும் பொறியை ஆக்கினர். அதுவே புல்டோசரின் தொடக்கம். 1953இல் இங்கிலாந்தில் ஜோசப் பம்வோட் என்பவர், உழவு இயந்திரத்தின் முன்னே அள்ளும் வாளியையும் பின்னே தோண்டும் கையையும் ஒருங்கே பூட்டினார். மலைநாட்டு மக்கள் பெக்கோ என்று பேச்சுவழக்கிற் குறிக்கும் இயந்திரங்களுள் இவ்வகையும் ஒன்று. முன்வாளி மண்ணை அள்ளும்போது பின்கையின் நிறை எதிர்ப்பாரமாகின்றது. அது தோண்டும்போது முன்வாளி தரையில் ஊன்றி இயந்திரத்தை நிலைநிறுத்துகின்றது. முன்னோ பின்னோ என்னும் கேள்விக்கு, இரண்டும் என்று கூறிய விடை இது.

இப்பொறிகளுள் எது மண்சரிவுக்கு உகந்தது? இங்கேதான் பனிக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையுடையது. நனைந்த மண்ணோ அதே அளவில் 1,800 கிலோகிராமுக்கும் மேல் இருக்கும். பனியை விசிறியால் வீசலாம்; வீசிய பனி வேனிலில் உருகி ஓடிவிடும். மண்ணை வீச முடியாது. போட்ட இடத்திலே அது கிடக்கும். ஆகவே, மண்ணைப் பொறுத்தவரை, எப்படி அகற்றுவது என்பதிலும் எங்கே போடுவது என்பதே பெரிய கேள்வி.

புல்டோசரின் பலகை மண்ணை விரைவாகத் தள்ளும். ஆனால் ஒருபுறம் மதிலும் மறுபுறம் பள்ளமுமாயுள்ள வீதியிலே தள்ளுவதென்றால் பள்ளத்தில் தள்ளுவதே வழி. அப்பள்ளத்தில் எவரோ ஒருவரின் வயல் இருக்கும், சிற்றோடை இருக்கும், குடிசையும் இருக்கும். ஓடையை மண் மூடினால், அடுத்த மழையில் நீர் வேறு வழி தேடிப் பாய்ந்து வீதியின் அடித்தளத்தையே அரித்துவிடும். மேலும் அதன் இரும்புச் சங்கிலிச் சில்லு தார் வீதியைப் பெயர்க்கும். தொலைவிலுள்ள இடத்துக்கு அதனைப் பாரவண்டியில் ஏற்றியே கொண்டுவர வேண்டும். இறப்பர்ச் சில்லும் முன்வாளியும் உடைய இயந்திரம் தானே விரைந்து வரும். மண்ணை அள்ளி லொறியில் ஏற்றும். லொறி அதனைத் தகுந்த இடத்திற் கொட்டும். வேலை சற்றுத் தாமதம். ஆயினும் கீழே குடியிருப்பவனுக்கு இடரில்லை. பெரும்பாறையும் சேறும் கலந்து இறங்கிய இடத்தில், நீண்ட கையுடைய அகழும் இயந்திரமே ஏற்றது. அது எட்ட நின்று வேலை செய்வதால் ஓட்டுநரும் சரிவின் அடியிற் புக வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சரிந்த மண்ணின் அடிப்பகுதியே, மேலே தொங்கி நிற்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். வீதியை விரைவாகத் திறக்கும் ஆவலில் அடியை வெட்டி அள்ளினால், தாங்கல் இழந்த மேற்பகுதியும் இறங்கிவிடும். அள்ளிக்கொண்டிருக்கும் ஓட்டுநரையும், வேடிக்கை பார்க்கக் கூடிநிற்பவரையும் அது புதைத்துவிடக்கூடும். உறைபனியை அகற்றுபவனுக்கு அவசரம் ஒரு நற்குணம். மண்ணை அகற்றுபவனுக்கு அது பகை. மழை விட்டபின்னும் சரிவின் மேற்பகுதியில் வெடிப்பு உளதா, சேற்றுநீர் புதிதாகக் கசிகின்றதா, மரங்கள் சாய்ந்தனவா என்று ஆராய்ந்து, மேலே ஒருவரைக் காவல் நிறுத்திய பின்னரே வாளியை இறக்குதல் முறை.

1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மண்சரிவுகளை ஆராய்ந்து, மழையின் அளவைக்கொண்டு எச்சரிக்கை விடுக்கின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரானால் உடனே வெளியேறுதல் வேண்டும். இக்கணக்கை ஒவ்வொரு மலைக் கிராமத்தவரும் தோட்டத்தவரும் நெஞ்சிற் பதித்தல் நன்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இவ்வுண்மைகளை எல்லாரும் கண்ணீரோடு கற்ற மாதம். அம்மாதம் 22ஆம் நாள் கீழ்க் கடுகண்ணாவையில், வீதியோரக் கடையொன்றின்மேல் பாறையும் மண்ணும் சரிந்து வீழ்ந்து உயிர்களைக் கவர்ந்தன. ஒரு வாரம் கழியுமுன் 'டித்வா' என்னும் புயல் நாட்டைத் தாக்கிற்று. இலங்கை முழுவதும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; மாவட்டங்களுள் பேரிழப்புக் கண்டவற்றுள் கண்டியும் ஒன்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. கண்டி வீதி அடைபட்டது. பழைய அரசர்கள் தாமே விரும்பிக் காத்த அடைப்பு, அந்நாளில் நோயாளிக்கு மருந்தும் குழந்தைக்குப் பாலும் வராத அடைப்பாயிற்று. அப்பொழுது, எந்த ஊரில் எந்த இயந்திரம் இருக்கின்றது, அதனை யார் ஓட்டுவார், எரிபொருள் எங்கே என்பனவே உயிர் காக்கும் கேள்விகளாயின. இயந்திரம் சென்று எட்டாத இடங்களில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்போலவே, மண்வெட்டியும் அலவாங்கும் ஏந்திய அயலவரே முதலில் வழி திறந்தனர்.

கருவித் தேர்வு என்பது பேரிடர் வந்தபின் செய்யும் காரியமன்று என்பது இதனாற் புலனாகும். கனடாக் குடியானவன் பனி விழுமுன், இலையுதிர் காலத்திலேயே தன் பொறியைப் பூட்டி, எண்ணெயிட்டு, ஓட்டிப் பார்த்து வைக்கின்றான். கண்டிப் பகுதிக்கும் அவ்வாறே வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஓர் ஆயத்தகாலம் வேண்டும். கணவாயின் மேலும் கீழும் இரண்டு இடங்களில் வாளி இயந்திரம் நிற்குமாயின், வீதி நடுவே அறுபட்டாலும் இருபுறமிருந்தும் வேலை தொடங்கலாம். சரிந்த மண்ணைக் கொட்டுதற்குரிய இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்தால், அவசரத்தில் அடுத்தவன் வயலில் தள்ள நேராது. வீதியோர வடிகான்கள் அடைபடாதிருந்தால், மண் சரிவதே பல இடங்களிற் குறையும். வடிகான் துப்புரவு செய்யப் பெரிய இயந்திரமும் தேவையில்லை. மண்வெட்டியும் அக்கறையும் போதும்.

தோட்டங்களிலும் கிராமங்களிலும் செங்குத்தான சரிவுகளில் வாழ்வோர் இவ்விடரின் முதல் இலக்காயிருக்கின்றனர். அவர்களுள் பலருடைய முன்னோரே இவ்வீதிகளை வெட்டியவர்கள். முன்னோர் மண்ணை அகற்றி நாட்டுக்கு வழி திறந்தனர். அவர்கள் வழித்தோன்றல்களின் வீட்டின்மேல் அதே மண் இறங்குமாயின், அவர்களிடம் செல்வதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பான நிலத்தில் அவர்களுக்கு வீடு அமைத்துக் கொடுப்பதே நிலையான பரிகாரம். அது நிறைவேறும் வரை, மழைக்கு முன் ஆயத்தமாய் நிற்கும் ஓர் இயந்திரமும், அதனை நிதானமாக ஓட்டத் தெரிந்த ஒருவரும், சரிவைப் பார்த்து எச்சரிக்கும் இன்னொருவரும் ஒவ்வொரு கணவாய்க்கும் இருத்தல் வேண்டும்.

கடுகண்ணாவை வழியே செல்லும் பயணிகள், குடைந்த பாறையையும் டோசன் கோபுரத்தையும் கண்டு மகிழ்வர். அவற்றைக் காணும்போது, வீதியோரத்து வடிகானைத் துப்புரவு செய்துகொண்டிருக்கும் தொழிலாளியையும் ஒருமுறை நோக்குவார்களாக. கண்டிக்கு வழி இன்றும் திறந்திருப்பது அவருடைய உழைப்பாலேயாம்.